"நான் தானே 'அக்ரீ' அமத்தினேன், இப்ப எந்த முகத்தோட போய் முறையிடுறது?"

வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகி நீளமா ஒரு கடிதம் அனுப்பியிருக்கா. பேர், ஒஃபிஸ், மகள்ட ஸ்கூல், ஆளை அடையாளம் காட்டுற எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

வயசு முப்பதுகளின் நடுப்பகுதி, ஒரு கம்பனில எக்கவுண்ட்ஸ்ல வேலை. பிரைவசி விசயத்துல தான் சரியான கவனம் எண்டு அவவே எழுதியிருக்கா. லெப்டொப் கெமராவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா, பேஸ்புக்ல பிறந்தநாளை மறைச்சிருக்கா, "என்ட போட்டோவைப் பாவிக்க பேஸ்புக்குக்கு நான் அனுமதி குடுக்கேல்ல" எண்ட அந்த அறிவித்தலை ரெண்டு தரம் வோல்ல போட்டிருக்கா, போன் நாங்க கதைக்கிறதை ஒட்டுக்கேட்குது எண்டு பயந்து படுக்கிற ரூமுக்கு அதைக் கொண்டு போறதே இல்லையாம். இப்படிப்பட்டவ, போன வருஷம் மகள்ட ஸ்கூல் ஃபீஸுக்குக் காசு குறைஞ்சப்ப, கணவருக்கும் சொல்லாம, பேஸ்புக் விளம்பரத்துல வந்த ஒரு லோன் ஆப்ல 30,000 ரூபா எடுத்திருக்கா. ஐசிட, அதாவது அடையாள அட்டைட, ரெண்டு பக்க போட்டோ, ஒரு செல்ஃபி, கொன்டெக்ட்ஸ், எஸ்எம்எஸ், லொகேஷன் எல்லாத்துக்கும் 'அலவ்', கடைசில 'அக்ரீ'. அவங்க அது இது எண்டு வெட்டி கைக்கு வந்தது 23,500. ரெண்டு தவணை பிந்தினதும் அவட மனேஜருக்கும் மச்சாளுக்கும் மகள்ட வகுப்பு அம்மாமார்ல நாலைஞ்சு பேருக்கும், ஐசி போட்டோவையும் சேர்த்து மெசேஜ் போயிருக்கு. "இவ கடன் எடுத்துட்டு ஒளிச்சுத் திரியிறா, உங்களைத்தான் பிணையாப் போட்டிருக்கா" எண்டு.

கணவர் சொன்னாராம், "நாள் முழுக்க பிரைவசி பிரைவசி எண்டு கத்தினவ, நீயே தான் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்திருக்க, இனி உரிமை கிரிமை எண்டு கதைக்காத." கடனை விட இதுதான் நோகுதாம். அவ கேக்கிறது இதுதான்: அக்ரீ அமத்தினதால தனக்கு உரிமை எல்லாம் போயிட்டுதா, பிரைவசி அடிப்படை உரிமை எண்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கே அதை வச்சு வழக்குப் போடலாமா, எல்லா எக்கவுண்டையும் அழிச்சுட்டு சாதாரண பட்டன் போனுக்குப் போயிடுறதா, கணவர் சொல்றதுல நியாயம் இருக்கா.

தங்கச்சி, உங்கட கணவர்ல இருந்தே தொடங்குறேன், ஏனெண்டா மத்தக் கேள்விக்கெல்லாம் பதில் அங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கு. அவர் சொன்னது ரெண்டு விசயம். சொல்றது ஒண்டு செய்றது ஒண்டா இருக்கீங்க எண்டது ஒண்டு. அது உண்மை, நீங்களே கடிதத்துல ஒத்துக்கொண்டிருக்கீங்க. அதனால உரிமை இல்ல எண்டது மத்தது. அது பிழை, சட்டப்படியும் பிழை, நடைமுறையிலயும் பிழை.

சொல்றது ஒண்டு, செய்றது ஒண்டு

இது உங்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்ல. ஆராய்ச்சி செய்றவங்க இதுக்கு 'பிரைவசி பரடொக்ஸ்' எண்டு பேர் வச்சே 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கேட்டா எல்லாரும் எங்கட தகவல் எங்களுக்கு முக்கியம் எண்டு சொல்லுவாங்க, அடுத்த நிமிஷம் ஒரு வவுச்சருக்கு ஐசி நம்பரைக் குடுத்துடுவாங்க. 2014ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல மாணவர்களை வச்சு ஒரு பரிசோதனை நடந்துச்சு, கூட்டாளிமார்ட ஈமெயில் விலாசத்தைத் தாங்க, பீட்சா வாங்கித் தாறோம் எண்டு ஒரு பகுதி ஆக்கள்ட்ட கேட்டாங்க. பிரைவசி முக்கியம் எண்டு முதல்லயே சொன்ன பிள்ளைகளும் மத்தப் பிள்ளைகள் மாதிரியே குடுத்துட்டாங்க. ஒரு பீட்சாவுக்கு. எம்ஐடில படிக்கிற அந்தப் பிள்ளைகளே அப்படியெண்டா, ஃபீஸ் கட்டக் கடைசித் திகதி நெருங்கி, கணவருக்குச் சொல்லவும் ஏலாம, ராத்திரி 11 மணிக்கு போனோட இருந்த ஒரு அம்மா 'அலவ்' அமத்தினதுல என்ன அதிசயம்.

அந்த ஒப்பந்தத்தை நீங்க வாசிக்கேல்ல எண்டு வெக்கப்பட்டு எழுதியிருக்கீங்க. யாரும் வாசிக்கிறதில்ல தங்கச்சி, நானும் எல்லாத்தையும் வாசிக்கிறதில்ல, நான் சட்டம் படிச்சவ. ஒரு ஆள் ஒரு வருஷத்துல போற வெப்சைட் எல்லாத்துட பிரைவசி பொலிசியையும் வாசிக்கிறதெண்டா 200 மணித்தியாலத்துக்கு மேல வேணும் எண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆக்கள் 2008லயே கணக்குப் பார்த்தாங்க, இப்ப இருக்கிற ஆப்புகளைச் சேர்த்துப் பார்த்தா எங்க போய் நிக்குமோ தெரியாது. இன்னொரு ஆய்வுல, இல்லாத ஒரு சோஷியல் மீடியா தளத்தை உண்டாக்கி, அதுட ஒப்பந்தத்துல "உங்கட மூத்த பிள்ளையை எங்களுக்குத் தர சம்மதிக்கிறீங்க" எண்டு ஒரு வரியை நடுவுல போட்டாங்க. 543 மாணவர்கள், அதுல 98 வீதமான ஆக்கள் அந்த வரியைக் கவனிக்கவே இல்ல.

இதை வச்சு "சனத்துக்கு பிரைவசில அக்கறை இல்ல, வாயால மட்டும் தான் கதைக்கிறாங்க" எண்டு சொல்றது விளம்பரக் கம்பனிகளுக்கு வசதியான முடிவு, உங்கட கணவரும் தெரியாம அவங்க பக்கம் நிண்டு கதைக்கிறார். எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கு. 2021 ஏப்ரல்ல ஐபோன்ல ஒரு மாற்றம் வந்துச்சு, மத்த ஆப்புகள், வெப்சைட்டுகள் முழுக்க உங்களைப் பின்தொடர விரும்புற ஆப் முதல்ல உங்கள்ட்ட நேரடியா ஒரு கேள்வி கேக்கணும், விடுறீங்களா இல்லையா எண்டு, ரெண்டு பட்டனும் ஒரே அளவுல. பெரும்பாலான ஆக்கள் 'வேணாம்' அமத்தினாங்க. அதனால 2022ல மட்டும் சுமார் 10 பில்லியன் டொலர் வருமானம் போகும் எண்டு பேஸ்புக்ட தாய்க்கம்பனி மெட்டாவே சொன்னது. அதே சனம் தான், அதே விரல் தான், கேள்வியைக் கேட்ட விதம் மட்டும் வேற. உங்கட லோன் ஆப் அப்படியா கேட்டது? எல்லாத்தையும் அலவ் பண்ணினா தான் அடுத்த பக்கம், இல்லாட்டி காசு இல்ல.

பயம் ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம்

ஆனா ஒரு விசயத்துல நான் உங்கட பக்கம் நிக்க மாட்டேன். நீங்க கவனமில்லாத ஆள் இல்ல, கவனத்தை வேற இடத்துல செலவழிக்கிறீங்க. ஒவ்வொண்டாப் பார்ப்போம்.

பேஸ்புக்ல போட்ட அந்த அறிவித்தல், அதுக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்ல. 2012ல இருந்து உலகம் முழுக்கச் சுத்துற பொய் அது. எக்கவுண்ட் திறக்கும்போது ஏத்துக்கொண்ட ஒப்பந்தத்தை வோல்ல ஒரு போஸ்ட் போட்டு மாத்த ஏலாது, செட்டிங்ஸ்ல போய் மாத்தலாம், இல்லாட்டி எக்கவுண்டை மூடலாம், வேற வழி இல்ல.

போன் ஒட்டுக்கேட்குது எண்ட பயம் என்ட கிளையன்ட்ஸ் நிறையப் பேருக்கு இருக்கு. 'சோஃபா' எண்டு கதைச்சோம், பத்து நிமிஷத்துல சோஃபா விளம்பரம் வந்திச்சு எண்டு சொல்லுவாங்க. அமெரிக்காவுல நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல 17,260 அண்ட்ரொய்ட் ஆப்புகளை எடுத்துச் சோதிச்சு 2018ல முடிவை வெளியிட்டாங்க, களவா மைக்கைப் போட்டு கதையைப் பதிஞ்சு அனுப்பின ஒரு ஆப்பும் அதுல ஆம்பிடேல்ல. ஆனா வேற ஒண்டு ஆம்பிட்டது, சில ஆப்புகள் நீங்க ஸ்க்ரீன்ல செய்றதைப் படமாவும் வீடியோவாவும் எடுத்து வெளியாலுக்கு அனுப்புது. சோஃபா விளம்பரம் வர்றதுக்கு உங்கட குரல் தேவையில்ல, நீங்க எந்தக் கடையில நிண்டீங்க, உங்கட வீட்டு வைஃபைல இருக்கிற கணவர் என்ன தேடினார், அதுவே போதும். அதாவது போனை ஹோல்ல வச்சுட்டு நிம்மதியாப் படுக்கிறீங்க, அதே போன்ல லொகேஷன் 24 மணித்தியாலமும் ஓன்ல கிடக்கு.

இப்ப பிறந்தநாள் கதை. பேஸ்புக்ல மறைச்சிருக்கீங்க, நல்லது. ஆனா உங்கட பழைய ஐசி நம்பரை எடுத்துப் பாருங்க. 9 இலக்கத்துல முதல் 2 நீங்க பிறந்த வருஷம், அடுத்த 3 அந்த வருஷத்துல எத்தனையாவது நாள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500ஐக் கூட்டியிருக்கும். 2016ல இருந்து வர்ற 12 இலக்க நம்பர்லயும் அதே முறைதான், வருஷம் மட்டும் 4 இலக்கம். பிறந்தநாளும் பொம்பிளையா ஆம்பிளையா எண்டதும் அந்த நம்பருக்குள்ளயே இருக்கு. அந்த நம்பரை ஃப்ளட்ஸ் வாசல்ல செக்யூரிட்டிட கொப்பில எழுதுறீங்க, சிம் எடுக்கிற கடையில போட்டோகொப்பி குடுக்கிறீங்க, கூரியர்காரனுக்கு, சேல் ராஃபிளுக்கு, கிளினிக் ரிசெப்ஷன்ல. அந்தக் கொப்பி மேசையில விரிச்சபடி கிடக்கும், உங்களுக்குப் பின்னால வர்ற ஆள் உங்கட பேர், நம்பர், போன், எந்த மாடி எல்லாத்தையும் வாசிச்சுட்டுத் தான் தன்ட பேரை எழுதுவார்.

அம்மா எங்க போனாலும், கேக்க முதலே ஐசியை எடுத்து நீட்டுறா, எவ்வளவு சொன்னாலும் கேக்கிறா இல்ல எண்டு கோவமா எழுதியிருந்தீங்க. அம்மாவைக் கோவிக்காதீங்க. கொழும்புல தமிழ் ஆக்கள் வருஷக்கணக்கா பொலிஸ்ல பதிஞ்சு, செக்பொயின்ட்ல அட்டையைக் காட்டி, காட்டாட்டி என்ன நடக்கும் எண்ட பயத்தோட வாழ்ந்தவங்க. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்கள்ல தங்கியிருந்த எங்கட ஆக்களை விடிய முதல் பஸ்ல ஏத்தி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினாங்களே, அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட வேண்டி வந்திச்சு. அந்தக் காலத்துல அட்டை கையில இருந்தாத் தான் பாதுகாப்பு, 'ஏன் கேக்கிறீங்க' எண்டு திருப்பிக் கேட்டவர் உள்ளுக்குப் போனார். அந்தப் பழக்கம் தான் இப்ப ஆப்புக்கும் கை நீட்டுது. பிறகு கொவிட் வந்து கடை வாசல்ல பேரும் நம்பரும் எழுத வச்சது, 2022ல பெற்றோல் கியூஆருக்குப் பதிய வச்சது. ஒவ்வொண்டுக்கும் ஒரு காரணம் இருந்திச்சு, ஆனா 'கேட்டாக் குடுக்கணும்' எண்டது எங்கள்ட உடம்போட ஊறிட்டுது. ஆராய்ச்சிகள்ல அமெரிக்க மாணவர்ட பீட்சா இருக்கும், இந்தக் கதை இருக்காது, ஆனா எங்கட ஆக்கள் ஏன் பயந்துகொண்டே குடுக்கிறாங்க எண்டு விளங்க எனக்கு இதுதான் உதவுது.

'அக்ரீ' அமத்தினா உரிமை போயிடுமா?

போகாது. முதல்ல ஒரு சின்னத் திருத்தம். பிரைவசி அடிப்படை உரிமை எண்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்தியாவோடது, 2017 ஓகஸ்ட்ல 9 நீதிபதிகள் சேர்ந்து குடுத்தது. தமிழ்ல வட்ஸ்அப்ல ஃபோர்வர்டா வர்றதால எங்கட நாடு எண்டு நினைச்சிருப்பீங்க. எங்கட அரசியலமைப்புல அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துல பிரைவசி எண்டு தனியா ஒரு உரிமை எழுதப்படேல்ல. அதோட எங்கட அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்துட செயலுக்கு எதிராப் போடுறது, ஒரு தனியார் லோன் கம்பனிக்கு எதிரா அந்த வழியால போக ஏலாது. அதனால அந்த யோசனையை விட்டுடுங்க, காசும் நேரமும் தான் போகும்.

உங்களுக்கு உதவக் கூடியது வேற சட்டங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல சம்மதம் எண்டா என்ன எண்டு சொல்லியிருக்கு, சுதந்திரமா, குறிப்பிட்ட ஒரு விசயத்துக்கு, விளங்கிக்கொண்டு, சந்தேகமில்லாமக் குடுக்கிறது. ஒரு நோக்கத்துக்கு எடுத்த தகவலை அதோட ஒத்துப்போகாத இன்னொண்டுக்குப் பாவிக்கக் கூடாது எண்டும், குடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கலாம் எண்டும் இருக்கு. கடன் குடுக்க ஆளைச் சரிபார்க்கிறதுக்கு எண்டு வாங்கின ஐசி போட்டோவை வகுப்பு அம்மாமாருக்கு அனுப்புறதுக்கு நீங்க எங்க சம்மதிச்சீங்க? ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, நேர்மையாச் சொல்லணும். இந்தச் சட்டம் முழுசா அமுலுக்கு வர 2025 மார்ச் 18 எண்டு திகதி இருந்திச்சு, அதுக்கு முதலே தள்ளிப் போட்டுட்டாங்க. நாடாளுமன்றத்துல பாஸ் பண்ணி, அதிகாரசபையும் அமைச்சு, பிறகு தள்ளிப் போடுறது எங்கட நாட்டுக்குப் புதுசில்ல. அதனால இந்தச் சட்டத்தை மட்டும் நம்பி இருக்காதீங்க, உங்கட சட்டத்தரணி வர்த்தமானியைப் பார்த்து எந்தெந்தப் பகுதி நடைமுறையில எண்டு உறுதிப்படுத்தினதும் தான் அதை எடுக்கணும்.

பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது தேவையுமில்ல. பயமுறுத்திக் காசு வாங்கப் பார்க்கிறதும், ஒருத்தர்ட பேரைக் கெடுக்கிறம் எண்டு மிரட்டுறதும் தண்டனைச் சட்டக்கோவையில எப்பவோ இருந்தே குற்றம். ஒருத்தரைத் தொந்தரவு செய்ற நோக்கத்தோட அவர்ட தனிப்பட்ட தகவலை இணையத்துல பரப்புறது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துலயும் குற்றமா இருக்கு. அந்தச் சட்டத்துல கருத்துச் சுதந்திரத்துக்கு உதைக்கிற பகுதி நிறைய, எனக்கும் அதோட சரிவராது, ஆனா உங்கட விசயத்துக்கு அந்த ஒரு பகுதி பொருந்துது, பாவிக்காம விட வேண்டியதில்ல. நீங்க கடன்காரி எண்டதால இந்தப் பாதுகாப்பு எதுவும் குறையாது. கடன் அறவிட சட்டம் ஒரு வழி வச்சிருக்கு, அது புதுக்கடை கோர்ட் வழி, மச்சாள்ட வட்ஸ்அப் வழி இல்ல.

இப்ப என்ன செய்யலாம்

முதல்ல ஆப்பை அழிக்காதீங்க. எல்லாரும் கோவத்துல அதைத் தான் முதல்ல செய்றாங்க, பிறகு கடன் விபரம், எவ்வளவு வெட்டினாங்க, எவ்வளவு கட்டினீங்க எண்டு காட்ட ஒண்டும் இருக்காது. எல்லாப் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷொட் எடுங்க, திகதியும் நேரமும் தெரியிற மாதிரி. மச்சாளுக்கும் மனேஜருக்கும் வந்த மெசேஜை அவங்கட போன்ல அழிக்காம வச்சிருக்கச் சொல்லுங்க, அனுப்பின நம்பரோட சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல 23,500 வந்த வரியைக் குறிச்சு வையுங்க.

இதெல்லாம் எடுத்த பிறகு போன் செட்டிங்ஸ்ல போய் அந்த ஆப்புக்குக் குடுத்த பெர்மிஷன் எல்லாத்தையும் எடுங்க, பிறகு ஆப்பையும் எடுங்க. ஒண்டு விளங்கிக்கொள்ளணும், பெர்மிஷனை எடுத்தா இனிப் போறது தான் நிக்கும், ஏற்கெனவே அவங்கட சேர்வருக்குப் போன கொன்டெக்ட்ஸ் திரும்பி வராது. அதை அழிக்கச் சொல்லி ஒரு ஈமெயில் அனுப்புங்க, சம்மதத்தை வாபஸ் வாங்குறேன், கொன்டெக்ட்ஸையும் போட்டோவையும் அழிங்க, மூன்றாம் ஆக்களைத் தொடர்புகொள்ள வேணாம் எண்டு நாலு வரி. பதில் வராட்டிலும் பரவாயில்ல, அனுப்பினதுக்கு ஆதாரம் இருக்கும். கூகிள் பிளேயில இருந்து இறக்கின ஆப்பெண்டா கூகிளுக்கும் ரிப்போர்ட் பண்ணுங்க, தனிநபர் கடன் ஆப்புகள் கொன்டெக்ட்ஸையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது எண்டு 2023ல இருந்து அவங்கட விதியிலயே இருக்கு. லிங்க்ல இருந்து நேரா இறக்கினதெண்டா அந்த விதி அங்க வேலை செய்யாது, அதுக்காகத் தான் லிங்க்ல அனுப்புறாங்க.

பிறகு வெள்ளவத்தை பொலிஸ்ல ஒரு என்ட்ரி போடுங்க. "இது சிவில் கடன் பிரச்சினை, நாங்க எடுக்கேலாது" எண்டு சொல்லுவாங்க, அப்ப கடனைப் பத்தி முறைப்பாடு இல்ல, மிரட்டலும் ஐசி போட்டோவைப் பரப்பினதும் பத்தி எண்டு தெளிவாச் சொல்லுங்க, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காம வெளிய வராதீங்க. தமிழ்ல வாக்குமூலம் குடுக்கிறது உங்கட உரிமை, சிங்களத்துல எழுதிட்டு ஒப்பம் வைக்கச் சொன்னா விளங்காம வைக்காதீங்க. எடுக்க மறுத்தா குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துட கணினிக் குற்றப் பிரிவுக்குப் போகலாம். அதோட அந்தக் கம்பனி மத்திய வங்கிட உரிமம் உள்ளதா எண்டு மத்திய வங்கி வெப்சைட்ல இருக்கிற பட்டியல்ல தேடுங்க. உரிமம் உள்ளதெண்டா 1935க்கு எடுத்து நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துல முறையிடலாம், இல்லாட்டி அதுவே பொலிஸ்ல சொல்ல வேண்டிய முக்கியமான விசயம்.

எல்லா எக்கவுண்டையும் அழிச்சுட்டு பட்டன் போனுக்குப் போறதா எண்டு கேட்டீங்க. போகலாம், ஆனா ரெண்டு கிழமைல திரும்பி வருவீங்க. 2021 ஜனவரியில வட்ஸ்அப்ட புதுப் பொலிசி வந்தப்ப கொழும்புல எத்தனை குடும்ப குரூப் 'நாங்க சிக்னல் ஆப்புக்குப் போறோம்' எண்டு பிரியாவிடை சொல்லிச்சு, இப்ப எல்லாரும் எங்க இருக்கிறாங்க? வகுப்பு குரூப் வட்ஸ்அப்ல, ஸ்கூல் நோட்டீஸ் அதுல, வேன் அங்கிள் அதுல. அதை விட்டு ஒரு அம்மாவால வெளிய வர ஏலாது, வராததால அவவுக்கு அக்கறையில்ல எண்டும் சொல்ல ஏலாது. உங்களுக்குத் தேவை நாலு பழக்கம் தான். வட்ஸ்அப்ல டூ ஸ்டெப் பின் போடுங்க, லிங்க்ட் டிவைசஸ்ல தெரியாத கம்ப்யூட்டர் ஏதும் இருக்கா பாருங்க. லொகேஷனை 'ஆப் பாவிக்கும்போது மட்டும்' எண்டு மாத்துங்க. ஐசி போட்டோகொப்பி எங்க குடுத்தாலும் அதுக்குக் குறுக்கால பேனையால "இன்ன கம்பனிக்கு, இன்ன தேவைக்கு மட்டும்" எண்டும் திகதியும் எழுதிக் குடுங்க, கவுண்டர்ல மூஞ்சியைச் சுழிப்பாங்க, சுழிக்கட்டும். ராஃபிளுக்கும் வவுச்சருக்கும் ஐசி நம்பர் குடுக்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்துலயும் இல்ல. மகள்ட ஸ்கூல் பேட்ஜ் தெரியிற போட்டோக்களை மட்டும் இண்டைக்கே எடுத்துடுங்க, அந்தப் பேட்ஜும் நீங்க போடுற 'ஸ்கூல் விட்டாச்சு' ஸ்டேட்டஸும் சேர்ந்தா ஒரு பிள்ளை எத்தனை மணிக்கு எங்க நிப்பா எண்டு யாருக்கும் தெரியும்.

மத்தவங்கட நம்பர்

நீங்க கேக்காத ஒண்டு, ஆனா சொல்லணும். கொன்டெக்ட்ஸுக்கு 'அலவ்' குடுத்தப்ப நீங்க குடுத்தது உங்கட தகவல் மட்டுமில்ல. மனேஜர்ட நம்பரும் அந்த அம்மாமார்ட நம்பரும் அவங்கட சொத்து, அவங்க எதுக்கும் அக்ரீ அமத்தேல்ல. பீட்சாவுக்குக் குடுத்த ஈமெயிலும் கூட்டாளிமார்ட ஈமெயில் தான். 'என்ட டேட்டா என்ட இஷ்டம்' எண்டு நாங்க கதைக்கிறதுல இருக்கிற ஓட்டை இது. அதனால நீங்களே அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நீளமா அழுது எழுத வேணாம், "ஒரு கடன் ஆப் என்ட போன்ல இருந்து உங்கட நம்பரை எடுத்திருக்கு, நீங்க எதுக்கும் பிணை இல்ல, கோல் வந்தா பேசாம பிளொக் பண்ணுங்க, மெசேஜை எனக்கு அனுப்புங்க, மன்னிக்கணும்" எண்டு. பிணை எண்டு ஒரு ஆளைச் சொல்லணும் எண்டா அந்த ஆள் ஒப்பம் வச்சிருக்கணும், மனேஜருக்கு அதையும் தெளிவாச் சொல்லுங்க, ஒஃபிஸ்ல உங்கட பேர் பாதி சரியாயிடும்.

கணவரோட கதைக்கும்போது அவர்ட முதல் பாதியை ஒத்துக்கொள்ளுங்க, ரெண்டாம் பாதியை விட்டுக் குடுக்காதீங்க. அவருக்குச் சொல்லாமக் கடன் எடுத்தது தான் அவருக்கு உண்மையில நொந்தது எண்டு கடிதத்தை வாசிக்கும்போது எனக்குத் தோணிச்சு, பிரைவசி கதை அதுக்கு மேல போட்ட போர்வை. அது சட்டத்தரணிட வேலை இல்ல, நீங்க ரெண்டு பேரும் இருந்து கதைக்க வேண்டியது. முடிஞ்சா அவர்ட போனையும் வாங்கி பெர்மிஷன் பட்டியலைத் திறந்து பாருங்க, டோர்ச் ஆப்புக்கும் கிரிக்கெட் ஸ்கோர் ஆப்புக்கும் கொன்டெக்ட்ஸ் குடுத்திருப்பார், பந்தயம்.

கடைசியாக் கடன். மிரட்டினது குற்றம் எண்டதால வாங்கின காசு இல்லாமப் போகாது, அந்த நப்பாசை வேணாம். ஆனா கைக்கு வந்தது 23,500, அவங்க 30,000க்கு வட்டி போடுறாங்க, வெட்டின 6,500 என்ன கணக்கு எண்டு எழுத்துல கேளுங்க. அந்தப் பதிலும், இதுவரை கட்டின ரசீதுகளும், மேல சொன்ன ஸ்க்ரீன்ஷொட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்க, ஃபீஸ் கட்ட வசதி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலயே இருக்கு, வருமானம் பார்த்து இலவசமாச் செய்வாங்க. கட்டுற ஒவ்வொரு சதத்தையும் பேங்க்கால மட்டும் கட்டுங்க, கோல்ல சொல்ற ஆள்ட பேர்ல ஈசி கேஷ் போடாதீங்க. கட்டி முடிஞ்சதும் கடன் தீர்ந்திச்சு எண்டு கடிதம் கேளுங்க, தராட்டி நீங்க கேட்ட ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்து ரசீதுகளோட சேர்த்து ஃபைல்ல போட்டு வையுங்க.